சந்தா முடிந்த பிறகு படம் யாருக்கு?

கோமாரிக்கு அருகே, சங்கமன்கண்டி முனைப் பக்கம் விடியற்காலையில் கமராவோடு போகிறவருக்கு ஒரு சிக்கல் நிச்சயம். இலங்கையின் கிழக்குக் கோடி அந்த முனைதான். அங்கே சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழும்பும். கரைவலை இழுக்கிறவர்கள் சூரியனுக்கும் கமராவுக்கும் நடுவில் நிற்பார்கள். வானத்துக்கு வெளிச்சம் அளந்து எடுத்தால் ஆட்கள் கரிக்கட்டை. ஆட்களுக்கு அளந்தால் வானம் வெறும் வெள்ளை. நம் கண் இரண்டையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிறது, கமராவின் சென்சரால் அது முடியாது. கச்சான் வீசும் மாதங்களில் இன்னொரு சிக்கல்: பகல் ஏற ஏற வெக்கையும் தூசும் சேர்ந்து களப்பின் மறுகரையை மங்கடித்துவிடும். லாகுகலைக் குளத்து யானைகளோ வெளிச்சம் போன பிறகுதான் வெளியே வரும் என்று அடம் பிடிக்கும். ஆகவே இந்தக் கரையில் படம் எடுக்கிறவருக்குத் திருத்த மென்பொருள் ஆடம்பரம் அல்ல. எந்த மென்பொருள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் போகுமுன் கமரா என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தேர்வின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. கமரா நமக்குத் தரும் ஜேபெக் படம் ஏற்கெனவே திருத்தப்பட்ட படம். நிறம், கூர்மை, மாறுபாடு எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்து, தேவையில்லை என்று நினைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டும். ரோ கோப்பு என்பது சென்சர் கண்டதை அப்படியே வைத்திருப்பது. 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. வலை இழுக்கிறவரின் முகம் ஜேபெக்கில் கறுப்பாக இருந்தால் அதற்குள்ளே பெரும்பாலும் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் சாம்பல் திட்டுத்தான் வரும். அதே முகம் ரோவில் கறுப்பாக இருந்தால், அந்தக் கறுப்புக்குள் மூக்கும் தாடியும் தோளில் போட்ட துண்டின் கட்டமும் ஒளிந்திருக்கும். வானத்தின் வெளிச்சத்தைக் காப்பாற்றும்படி கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டு, நிழலைப் பிறகு மென்பொருளில் தூக்கலாம். மறுபக்கம் அப்படி அல்ல: ஒரேயடியாக வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. விலை கூடியதாலும் முடியாது.

இங்கே ரோவில் எடுக்கத் தெரிந்தவர்களுக்கும் மென்பொருள் என்றால் உடனே நினைவுக்கு வருவது போட்டோஷொப்தான். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் கேளுங்கள், "போட்டோஷொப் போடுங்க தம்பி" என்பார். அவருக்கு அது சரி. கலியாண அல்பம், அடையாள அட்டைப் படம், பெனர் என்று அவர் செய்யும் வேலைக்கே வளர்க்கப்பட்டது அது. அதன் பிறப்பும் ஒரு கடற்கரையோடு சேர்ந்ததுதான். தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்கள் 1980களின் இறுதியில் அதை எழுதினார்கள். ஜோன் தன் வருங்கால மனைவியை 1987இல் பொராபொரா தீவின் கரையில் எடுத்த படத்தை வைத்தே எங்கும் செய்து காட்டினார்: கடலில் இன்னொரு தீவை முளைக்க வைப்பார், கரையில் இருந்தவரை இரண்டு பேராக்குவார். அடோபி அதை விற்கும் உரிமையைப் பெற்று 1990 பெப்ரவரியில் வெளியிட்டது. படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் அந்த முதல் செய்முறையிலேயே இருந்தது. விடியல் வெளிச்சத்தைச் சரிசெய்ய நினைக்கிற பொழுதுபோக்குக்காரருக்குத் தேவையானது வேறு. நூற்றைம்பது படத்தில் பத்தைப் பொறுக்கி, அந்தப் பத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தி, மிச்சத்தை ஒழுங்காக அடுக்கி வைக்க ஒரு கருவி. அதற்காகவே அடோபி 2007இல் லைட்ரூமைக் கொண்டுவந்தது. இந்த வேறுபாடு தெரியாமல் போட்டோஷொப்பை நிறுவிவிட்டு, லேயர்களுக்குள் மாட்டி, இரண்டு கிழமையில் வெறுத்துப் போனவர்கள் நம்மிடையே நிறைய.

போட்டோஷொப் பெரும்பாலும் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். ஒரு காலத்தில் சீடியில், பிறகு பென்டிரைவில், பூட்டு உடைத்த பிரதி. சட்டம், நியாயம் இரண்டையும் விட்டுவிட்டாலும் அதில் நடைமுறைத் தொல்லைகள் உண்டு. மென்பொருளோடு வைரஸும் வாங்குகிற வழி அது. புதிய கமராவின் ரோ கோப்பை அந்தப் பழைய பிரதி திறக்காது. நல்ல மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில் அந்த வழியைப் பரிந்துரைக்க ஒரு காரணமும் இல்லை.

காசு கொடுத்து வாங்கலாம் என்றால், வாங்க முடியாது. 2013இல் அடோபி ஒரு முடிவெடுத்தது: சிஎஸ்6தான் விலைக்கு விற்கும் கடைசிப் பதிப்பு, இனி மாதச் சந்தா மட்டும். போட்டோஷொப்பும் லைட்ரூமும் சேர்ந்த படப்பிடிப்புச் சந்தா பல ஆண்டுகள் மாதம் 10 டொலருக்குள் இருந்தது. 2025 தொடக்கத்தில் அந்தச் சின்னத் திட்டத்தைப் புதியவர்களுக்கு நிறுத்தினார்கள். இப்போது மாதம் ஏறத்தாழ 20 டொலர், லைட்ரூம் மட்டும் போதும் என்றால் 12. டொலரை முந்நூறு ரூபாய் என்று வைத்தால் முதலாவது வருடத்துக்கு 72,000 ரூபாய், இரண்டாவது 43,000க்கு மேல். பழைய கமரா ஒன்றின் விலையோடு போட்டி போடும் தொகை அது, அதுவும் ஒவ்வொரு வருடமும். 2022 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச்சில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. அன்று டொலரில் சந்தா கட்டியவருக்கு அடோபி ஒரு சதம் கூட்டாமலே செலவு முக்கால் பங்குக்கு மேல் கூடியது. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு இடம் தரும் அட்டை இல்லாதவருக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது. வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

ஆனாலும் லைட்ரூமைக் குறைத்துப் பேச முடியாது. கற்றுக்கொள்வது இலகு. யூடியூபில் தமிழிலேயே விளக்கங்கள் கிடைக்கின்றன. வானத்தை மட்டும், ஆளை மட்டும் தானாகப் பிரித்தெடுக்கும் வசதி 2021இல் வந்தது. கரைவலைப் படத்தில் நாம் தூரிகையால் அரை மணித்தியாலம் பூசிச் செய்ததை அது சில நொடியில் செய்கிறது. 2023இல் வந்த இரைச்சல் நீக்கி அதைவிடப் பெரிய காரியம். லாகுகலையில் மாலை ஆறரைக்கு ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி எடுத்த யானைப் படத்தில் மணல் கொட்டியது போல் வரும் புள்ளிகளை நீக்கிவிட்டு, தோலின் சுருக்கத்தை மட்டும் விட்டுவைக்கும். பிரான்ஸ் நாட்டு டிஎக்ஸ்ஓ கம்பனியின் போட்டோலாப் இந்த வித்தையை 2020இலேயே செய்தது, சிலர் கண்ணுக்கு இன்றும் அதுதான் மேல். அது ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவது, 200 டொலருக்கு மேல். பறவை, யானை என்று மங்கல் வெளிச்சத்திலேயே குடியிருப்பவருக்குக் காசு கொடுக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான் என்பேன். ஒரு நிபந்தனை: இரண்டுக்கும் ஓரளவு வலுவான கிராபிக்ஸ் அட்டை வேண்டும். அலுவலகத்தில் கழித்துவிட்ட லேப்டாப்பில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் காத்திருக்க வேண்டிவரும்.

சந்தாவை நிறுத்தினால் என்ன நடக்கும்? லைட்ரூம் கிளாசிக்கில் படங்கள் உங்கள் கணினியிலேயே இருக்கும். மென்பொருள் திறக்கும், பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். ஐந்து வருடம் நகர்த்தி நகர்த்திச் சேர்த்த திருத்தங்கள் எல்லாம் அதன் கட்டலொக்குக்குள் கட்டளைகளாகக் கிடக்கும். வேறு மென்பொருள் அவற்றை முழுமையாக வாசிக்காது. சுருக்கமாகச் சொன்னால், மூலப்படம் உங்களுடையது, உங்கள் உழைப்பு வாடகை வீட்டில்.

இதைக் கேட்டு, "அப்ப இலவசம், இல்லாட்டி விலைக்கு வாங்குறது" என்று உடனே பாய்வதற்கு முன் அந்த வழியின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். அது ஒன்றும் சுத்தமில்லை. கூகுள் 2004இல் வாங்கி இலவசமாகத் தந்த பிக்காசாவை நம்பிக் குடும்பப் படங்களை அடுக்கியவர்கள் ஏராளம். 2016இல் அதை மூடினார்கள். அப்பிள் 2005இல் விற்கத் தொடங்கிய அபேர்ச்சரை 2014இல் கைவிடுவதாக அறிவித்தது. அது விலை கொடுத்து வாங்கிய மென்பொருள். நிக் தொகுப்பை கூகுள் 2016இல் இலவசமாக்கிவிட்டு அடுத்த வருடமே டிஎக்ஸ்ஓவுக்கு விற்றது, இப்போது அது திரும்பவும் காசுக்குத்தான். சோனி, பியூஜி, நிக்கன் கமராக்காரர்களுக்கு டென்மார்க்கின் கப்சர் வன் தந்த இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நின்றுபோனது. ஆகவே விலை என்ன என்பதைப் போலவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இந்தக் கம்பனி நாளைக்குக் கடையைச் சாத்தினால் என் கையில் என்ன மிஞ்சும்?

அஃபினிட்டியை இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் செரிஃப் கம்பனி 2015இல், அடோபியின் சந்தாவில் எரிச்சலடைந்தவர்களை நம்பியே அதைக் கொண்டுவந்தது: ஒரே தடவை காசு, பிறகு தொல்லையில்லை. 2024இல் அவுஸ்திரேலியாவின் கான்வா அதை வாங்கியது. 2025 ஒக்டோபர் கடைசியில் முழு மென்பொருளையும் இலவசம் என்று அறிவித்தார்கள். கான்வாக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் காசு. போட்டோஷொப் செய்வதில் பெரும்பகுதியை அது செய்கிறது, வேகமாகவும் செய்கிறது. இன்று ஒரு இளைஞனுக்கு இதைவிட நல்ல சீதனம் கிடைக்காது. இருந்தாலும் எனக்குள் ஒரு தயக்கம். மேலே சொன்ன பட்டியலில் இலவசமாகக் கிடைத்த எதுவும் கடைசிவரை அப்படியே இருந்ததில்லை. அஃபினிட்டியின் சொந்தக் கோப்பு வடிவத்தை அஃபினிட்டியில்தான் திறக்கலாம். பயன்படுத்துங்கள், முடித்த படத்தைப் பொது வடிவம் ஒன்றிலும் சேமித்து வையுங்கள்.

இனி திறந்த மூல மென்பொருள்கள். இவற்றை நான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன். கோமாரியில் இருப்பவருக்கு இவைதான் பொருத்தம் என்பது என் துணிபு. பழைய லேப்டாப், அடிக்கடி போய்வரும் இணையம், டொலர் அட்டை இல்லாத சட்டைப்பை: மூன்றுக்கும் இவை ஈடுகொடுக்கும். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில், லேப்டாப்பில் மின்னேற்றம் இருந்தவரை இவை வேலை செய்திருக்கும். எங்கோ ஒரு சேர்வரிடம் அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டன் உண்டு. 1997இல் டேவ் கொஃபின் என்ற நிரலாளர், கமராக் கம்பனிகள் இரகசியமாக வைத்திருந்த ரோ வடிவங்களை ஒவ்வொன்றாக உடைத்து வாசிக்கும் டீசிரோ என்ற நிரலை எழுதத் தொடங்கினார். முழுவதும் ஒரே ஒரு கோப்பு. இன்று 2003ஆம் வருடத்துக் கனன் 300டியின் ரோ கோப்பை நாம் இலவசமாகத் திறக்க முடிகிறது என்றால், அவர் தொடங்கி வைத்த அந்த வேலைதான் காரணம். ஹங்கேரிக்காரரான காபோர் ஹொர்வாத் எழுதிய ரோதெரப்பி 2010இல் திறந்த மூலமாக்கப்பட்டது. 2009இல் யொஹான்னஸ் ஹானிக்கா தொடங்கிய டார்க்டேபிள், 2017 கடைசியில் விண்டோஸுக்கும் முறையாக வந்து சேர்ந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை, ஒன்று நத்தாரையொட்டி, புதிய பதிப்பு வரும்.

இந்த இரண்டில் எது என்று கேட்டால், ரோதெரப்பியில் தொடங்குங்கள் என்பேன். படத்தைத் திறந்தவுடன் பார்க்கக்கூடிய நிறத்தில் தருகிறது, பெயர்கள் பழக்கமானவை, வெளிச்சம், நிழல், வெண் சமநிலை எல்லாம் கண்ணில் படும் இடத்தில் இருக்கின்றன. டார்க்டேபிள் ஆழமானது, அதற்கேற்ற பிடிவாதமும் உண்டு. விடியல் கரைவலைப் படத்தை அதில் திறந்தால் நடப்பது இதுதான். முதலில் எக்ஸ்போஷரைக் கூட்டி ஆட்களின் முகம் தெரியும்வரை படத்தை வெளிச்சமாக்க வேண்டும். அப்போது வானம் முழுக்க வெளுத்துப் போனது போல் தெரியும். புதியவர் பதறி உடனே குறைப்பார். குறைக்கக் கூடாது. அடுத்து சிக்மொயிட் என்ற பகுதியைத் திறந்து மாறுபாட்டைச் சற்று இறக்கினால், வெளுத்த வானத்துக்குள்ளிருந்து செம்மஞ்சள் திரும்பி வரும். அது போயிருக்கவில்லை; திரைக்குள் அடங்காமல் வெளியே நின்றது, அவ்வளவுதான். பிறகு மாஸ்க் போட்டு வானத்தை மட்டும் அரைப் படி இறக்கி, மங்கல் நீக்கியை மெல்லத் தொட்டால் தூரத்துத் தோணியின் கொம்பு தெரியும். இந்த வரிசை பிடிபட ஒரு மாதம் ஆகலாம். பிடிபட்டுவிட்டால் வேறெதற்கும் திரும்ப மனம் வராது. திருத்தங்கள் ஒவ்வொன்றும் படத்துக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படும், மூலத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. படக் கோப்புறையைப் பென்டிரைவில் கொப்பி பண்ணினால் திருத்தமும் கூடவே வரும். லைட்ரூமிலும் இந்த வசதி உண்டு, ஆனால் நாமாகத் தெரிந்து முடுக்கிவிட வேண்டும்.

ஜிம்ப் வேறு வகை. போட்டோஷொப்பின் இடத்தில் நிற்பது. 1995இல் பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மத்திஸும் தொடங்கியது. மூன்றாம் பதிப்புக்காக அதன் அன்பர்கள் காத்திருந்த காலம் ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. 2025 மார்ச்சில் ஒருவழியாக வந்தது, போட்ட விளைவைப் பிறகு மாற்றிக்கொள்ளும் வசதியோடு. ரோ கோப்பை ஜிம்ப் தானாகத் திறக்காது, டார்க்டேபிளையோ ரோதெரப்பியையோ கூப்பிட்டு அதனிடம் ஒப்படைக்கும். ஆயிரக்கணக்கான படத்தை அடுக்க டிஜிகாம் இருக்கிறது. முகங்களை அடையாளம் கண்டு பிரிக்கும் வேலையையும் அது இணையத்துக்கு அனுப்பாமல் உங்கள் கணினிக்குள்ளேயே செய்கிறது. பெண்பிள்ளைகளின் படங்கள் எங்கே போகின்றன என்று கவலைப்படும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தமிழ் எழுத்து என்று வந்தால் ஜிம்ப் இன்னொரு படி மேலே ஏறுகிறது. பெருநாள் வாழ்த்து, மரண அறிவித்தல், பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று நம்மவர் எடுக்கும் படங்களில் பாதியில் எழுத்து ஏறாமல் போவதில்லை. ஜிம்ப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அஃபினிட்டியில், குறைந்தது இரண்டாம் பதிப்பு வரை, ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இந்திய மொழிகளின் எழுத்துச் சேர்க்கையை அது கற்றிருக்கவில்லை. போட்டோஷொப்பும் பல வருடம் அப்படித்தான் படுத்தியது. தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேடிப்பிடித்துப் போட்ட பிறகுதான் சரிவந்தது. நம் அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

கமராக் கம்பனிகளின் சொந்த மென்பொருள்களை ஏனோ யாரும் சீண்டுவதில்லை. கனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபெஷனல், நிக்கனுக்கு 2021இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். எல்லாம் இலவசம். மெதுவானவை, அழகில்லாதவை, ஆனால் அந்தக் கமராவின் நிறத்தை அவற்றைப் போல் யாரும் தருவதில்லை. பியூஜியின் எக்ஸ் ரோ ஸ்டூடியோ ஒரு தந்திரம் செய்கிறது: கமராவை வயரால் இணைத்தால், கணினியின் மூளையை விட்டுவிட்டு கமராவின் மூளையைக் கொண்டே படத்தைச் செய்யும். லேப்டாப் எவ்வளவு கிழடானாலும் கவலையில்லை.

இவ்வளவும் கணினி உள்ளவருக்கு. இந்தக் கரையில் படம் எடுக்கிற பெரும்பாலானோரிடம் இருப்பது ஃபோன். அறுகம்பையில் அலைச்சறுக்கு பார்க்க வருகிற பையன்கள் எடுப்பதும் ஃபோனில், திருத்துவதும் ஃபோனில். அவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: ஸ்னாப்சீட். 2011இல் நிக் கம்பனி வெளியிட்டது, அடுத்த வருடம் கூகுள் கைக்கு வந்தது. கணக்குத் திறக்க வேண்டாம், விளம்பரம் இல்லை, இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு புள்ளியில் விரலை வைத்து அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கும் வசதி, பல காசு மென்பொருள்களில் உள்ளதைவிட இலகு. அண்ட்ராய்ட் ஃபோனில் ரோவையும் திறக்கும். லைட்ரூமின் ஃபோன் பதிப்பும் இலவசம்தான், ஆனால் பயனுள்ள கதவுகளில் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபோனில் திருத்தி வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஸ்டூடியோவுக்குப் பிரிண்ட் போட அனுப்புவதாக இருந்தால் டொகியுமென்ட்டாக அனுப்புங்கள்.

மென்பொருளைத் தேர்ந்துவிட்டோம், அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதிலும் ஒரு வார்த்தை உண்டு, ஏனெனில் கருவிகளுக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. கலர் பிலிம் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கொடக் தந்த ஷெர்லி அட்டையில் இருந்தவர் வெள்ளைத் தோல் பெண். அந்த அளவுகோலுக்குப் பழகியதால் கறுத்த தோலின் வேறுபாடுகள் பல வருடம் படத்தில் சரியாக விழவில்லை. இன்று "ஓட்டோ" பொத்தானை அழுத்தினால் வெயிலில் நிற்கும் நம் மீனவர் சிவந்து வெளுத்துப் போவதில் அந்தப் பழக்கத்தின் மிச்சத்தையே நான் காண்கிறேன். ஸ்டூடியோக்காரர்கள் அதற்கு மேலும் ஒரு கை வைப்பார்கள். மணப்பெண்ணின் முகம் கழுத்தைவிட இரண்டு நிறம் கூடுதலாக வெளுத்திருக்கும். பொழுதுபோக்குக்காரருக்கு வாடிக்கையாளர் இல்லை, ஆகவே அந்தக் கட்டாயமும் இல்லை. வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக நிற்கும் பெருநாள் கூட்டத்தை எடுக்கும்போது துணியின் மடிப்புத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அது தெரிந்தால், முகத்தின் நிழலைத் தூக்கும் வேலையை ரோ பார்த்துக்கொள்ளும்.

திருத்துவதே பொய் என்று நினைக்கிற கட்சியும் உண்டு. நம் நாட்டின் பெரும் படக்கலைஞர் லயனல் வென்ட் 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் இருட்டறையில் செய்யாத வித்தை இல்லை. நெகட்டிவ்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தார், பாதி உருவாகிய படத்துக்கு வெளிச்சம் காட்டி ஓரங்களை எரிய வைத்தார். அது கலை என்று சொல்லிச் செய்தது. செய்தி என்று சொல்லிச் செய்தால் கதை வேறு. 2006 ஓகஸ்ட்டில் பெய்ரூட் குண்டுவீச்சுப் படமொன்றில் புகையை குளோன் கருவியால் தடிப்பாக்கிய சுயாதீனப் படப்பிடிப்பாளரின் 920 படங்களையும் ரொய்ட்டர்ஸ் விலக்கிக்கொண்டது. 2020 செப்டம்பரில் சங்கமன்கண்டிக் கடலுக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்த போது யாராவது தூரத்துப் புகையை எடுத்துக் கறுப்பாக்கி ஃபேஸ்புக்கில் போட்டிருந்தால், அதுவும் அதே குற்றம்தான். 2023இல் போட்டோஷொப்புக்குள் வந்த, சொன்னால் வரைந்து நிரப்பும் வசதி, அந்தக் குற்றத்துக்குத் தேவையான திறமையைக்கூட இல்லாமலாக்கிவிட்டது.

செயற்கை நுண்ணறிவால் எனக்கு உண்மையான பயம் செய்திப் படத்தில் அல்ல, வீட்டுப் படத்தில். 2004 டிசம்பர் 26இல் சுனாமியாக வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவிலிருந்து கோமாரி, பொத்துவில் வரை வீடுகளோடு அல்பங்களும் போயின. மிஞ்சியவை உப்புநீரில் ஊறி, ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டியவை. அவற்றில் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லிக் கமரா வைத்திருக்கிறவரிடம் யாராவது ஒரு நாள் வருவார்கள். ஃபோனில் உள்ள பழைய படத்தைத் தெளிவாக்கும் ஆப்களில் போட்டால் நொடியில் பளிச்சென்று ஒரு முகம் வரும். கூர்ந்து பாருங்கள். கண்ணிமை எண்ணக்கூடியதாக இருக்கும், மூலத்தில் அந்த இடத்தில் கறை மட்டுமே இருந்தது. அந்த மென்பொருள் உம்மாவின் முகத்தை மீட்கவில்லை. ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் பொருத்தமான ஒன்றை வரைந்து வைத்திருக்கிறது. வாப்பாவுக்கு அது தெரியாமல் போகலாம். பேரப்பிள்ளைக்கு அதுவே வாப்பும்மா ஆகிவிடும்.

இந்த வேலைக்கு ஜிம்ப் போதும், பொறுமைதான் அதிகம் வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள், மேற்பூச்சு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் பண்ணுங்கள், 600 டிபிஐயில், டிஃப் கோப்பாக. அந்தக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, பிரதி எடுத்த லேயரில் ஹீல் கருவியால் கறையை அகற்றுங்கள். சுவர், சேலை, வானம் என்று எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். முகத்துக்குள் இல்லாத கோடு ஒன்றும் போட வேண்டாம். கறை மிஞ்சினால் மிஞ்சட்டும்.

இனி யாருக்கு எது என்று கேட்டால்: ஃபோன் மட்டும் உள்ளவருக்கு ஸ்னாப்சீட். கமரா வாங்கிய புதியவருக்கு முதலில் அந்தக் கமராக் கம்பனியின் மென்பொருள், ஆறு மாதம் கழித்து ரோதெரப்பி, ஆர்வம் மிஞ்சினால் டார்க்டேபிள். எழுத்தும் ஒட்டு வேலையும் பழைய படமும் வந்தால் ஜிம்ப். எழுத்து இல்லாத ஒட்டு வேலைக்கு அஃபினிட்டி. இரவு யானைக்கும் தூரப் பறவைக்கும் அலைகிறவர், வலுவான கணினியும் டொலர் அட்டையும் இருந்தால், லைட்ரூமோ போட்டோலாப்போ எடுக்கட்டும். லைட்ரூமில் ஏற்கெனவே இருப்பவர் வெளியேற நினைத்தால், சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல படங்களை முழு அளவு ஜேபெக்காகவும் டிஃப்பாகவும் எடுத்துவிட வேண்டும். திருத்தங்களையும் குறிப்புகளையும் கோப்போடு எழுதிவிடும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். சிறந்த இருபது முப்பதை அச்சும் போடுங்கள். லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. நாம் இன்று பார்ப்பது அவர் அச்சிட்டு விட்டுப்போனவற்றைத்தான்.

எந்த மென்பொருளானாலும் ஒரு வேலையைச் செய்யப் பழகுங்கள். படத்தின் விபரப் பகுதியில், ஐபிடிசி என்று இருக்கும் இடத்தில், யார், எந்தக் கரை, எந்த மாதம் என்று தமிழில் எழுதிவிடுங்கள். லைட்ரூம், டார்க்டேபிள், டிஜிகாம் மூன்றும் அதை எழுதும், மூன்றும் வாசிக்கும். ஜேபெக்கிலும் டிஃப்பிலும் அது கோப்புக்குள்ளேயே சேர்ந்திருப்பதால் மென்பொருள் மாறினாலும் கூடவே வரும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் மட்டும் அந்த விபரம் உதிர்ந்துபோகும். குடும்பத்துக்கு அனுப்பும் போதும் டொகியுமென்ட்டாகவே அனுப்புங்கள்.